மொட்டை மாடி பைப்: வடசென்னை வீட்டுக்கு எது தாங்கும்?

குளிர் நாடுகளில் பைப் வெடிப்பது பனிக்காலத்தில். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். உறைந்த கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீர் போக இடமில்லாமல் பைப்பைப் பிளந்துவிடும். அதனால் அங்கே பைப்புக்கு மேலே பஞ்சுறை சுற்றுவார்கள், ராத்திரியில் குழாயை லேசாகச் சொட்ட விடுவார்கள். ஊட்டியில் உறைபனி விழும் ராத்திரிகளுக்கு இந்த யோசனை சரி. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் இதில் வேலையே இல்லை. சென்னையில் மார்கழிக் குளிர் எவ்வளவு கடித்தாலும் 13 டிகிரிக்குக் கீழே போனதாகப் பதிவு கிடையாது.

நம் பக்கத்தில் பைப் உடைகிற காலம் சித்திரையும் வைகாசியும். மாடியில் ஓடும் சாம்பல் நிற பைப் கத்திரி வெயிலில் நின்றால் அதன் மேல்தோல் 60 டிகிரி வரை போய்விடும். பகலெல்லாம் யாரும் குழாயைத் திறக்காத வீட்டில் உள்ளே நிற்கும் தண்ணீரும் அந்தச் சூட்டை நெருங்கும். மதியம் பாத்ரூமில் முதல் பக்கெட் கை வைக்க முடியாமல் வருவது இதனால்தான். ராத்திரி அதே பைப் 27, 28 டிகிரிக்கு இறங்கிவிடும். தினம் ஒருமுறை நீண்டு, ஒருமுறை சுருங்கி, கோடை முழுக்க இப்படியே. நீள இடம் கொடுக்காத இடத்தில் எல்போ (வளைவுத் துண்டு) விரியும், டீ (மூவழித் துண்டு) பிளக்கும், பைப்பை டேங்க்கோடு சேர்க்கும் நிப்பிள் கீறல் விடும்.

பழைய ஜி.ஐ. (ஜிங்க் பூசிய இரும்பு) லைன் ஒழுகுகிறது, மாற்றலாம் என்று முடிவெடுத்தவர்கள் கடைக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பைப் நல்லது?" என்பது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் இருப்பது ஒரு லைன் அல்ல, மூன்று. தெருவிலிருந்து சம்ப் (நிலத்தடித் தொட்டி) வரை ஒன்று, சம்ப்பிலிருந்து மாடி டேங்க்குக்கு மோட்டார் ஏற்றுவது ஒன்று, டேங்க்கிலிருந்து கீழே குழாய்களுக்கு இறங்குவது ஒன்று. முதலாவது வெயிலே பார்க்காது. இரண்டாவது அழுத்தம் வாங்கும். மூன்றாவதில் அழுத்தம் குறைவு, வெயில் அதிகம். மூன்றுக்கும் ஒரே பைப் போடுவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது, மீதிப் பாதி உடைகிறது.

எவ்வளவு நீளும்?

10 மீட்டர் பைப் ஒன்றை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஜி.ஐ. சுமார் 4 மி.மீ. நீளும். நடுவில் அலுமினியத் தகடு வைத்த காம்போசிட் பைப் 9 மி.மீ. போல. கடின பி.வி.சி.யான யு.பி.வி.சி.யும், குளோரின் கூட்டிய சி.பி.வி.சி.யும் 23 முதல் 25 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச். பாலிப்ரொப்பிலீனில் செய்த சாதா பி.பி.ஆர். 50 மி.மீ.யைத் தாண்டும். கைப்பிடிச் சுவரோரமாக 10 மீட்டர் நேராக ஓடி, இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பைப் அந்த ஒரு இஞ்ச்சை எங்கே கொண்டுபோய் வைக்கும்? நடுவில் வில்லாக வளையும், இல்லாவிட்டால் முனையில் இருக்கும் ஜாயின்ட்டைத் தள்ளும். மதியம் மாடிக்குப் போய்ப் பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி கிடக்கிற பைப்புகள் எல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்கின்றன.

வெயிலோடு இன்னொரு கணக்கும் உண்டு. தண்ணீரும் சூட்டில் பருக்கும், 25லிருந்து 60 டிகிரிக்குள் சுமார் 1.4 சதவீதம். பனிக்கட்டியின் 9 சதவீதத்துக்கு முன்னால் இது சிறியதுதான். ஆனால் இரண்டு பக்கமும் அடைத்த பைப்புக்குள் இது போதும். மாடி டேங்க் நிரம்பியதும் தானாக மூடும் மிதவை வால்வ் மேலே, மோட்டார் பக்கத்தில் தண்ணீரைத் திரும்பி இறங்க விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் கீழே. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் வெளியே போக வழியே இல்லாமல் வெயிலில் காயும். பனி நாட்டில் நடக்கிற அதே விஷயம், காரணம் மட்டும் தலைகீழ். காலையில் டேங்க் நிரப்பி மோட்டாரை நிறுத்திய வீட்டில், யாரும் எதையும் தொடாத மதிய நேரத்தில் லைன் பிளந்துகொண்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடம்.

ஜி.ஐ.: கழற்றுவதா, விட்டுவைப்பதா

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்னும் ஜி.ஐ. ஓடுகிறது. பைப்பைக் குறை சொல்ல முடியாது. மிதித்தால் உடையாது, வெயிலுக்கு அஞ்சாது, 2 மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போதும். அதற்குப் பகை உப்பு.

உப்பு இரண்டு பக்கமிருந்தும் தின்கிறது. வெளியே கடல் காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையோர மாடிகளில் துரு முதலில் பிடிப்பது கிளாம்ப்புக்கு அடியில்தான். அங்கே உப்பும் தூசியும் ஈரத்தோடு தங்கிவிடும், மழை கழுவாது. உள்ளே போர் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகப் பதிவான சங்கதி. கரையோரத்துப் போர்களிலும் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரை டேங்க்கில் ஏற்றும் வீட்டில் ஜி.ஐ. உள்ளிருந்தே அரித்து, முக்கால் இஞ்ச் வழி பென்சில் கனத்துக்குக் குறுகிப் போயிருக்கும்.

பைப் முதலில் ஓட்டையாவது மரையில். முக்கால் இஞ்ச் மீடியம் ஜி.ஐ.யின் சுவர் 2.6 மி.மீ. மரை வெட்டும்போது அதில் சுமார் 1.2 மி.மீ. போய்விடும். கூடவே அந்த இடத்து ஜிங்க் பூச்சும் போய்விடும். மெலிந்த, பூச்சில்லாத அந்த வளையத்தில்தான் சணல் நூல் ஈரம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. வாங்கும்போது நிற வளையத்தைப் பார்க்க வேண்டும்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. மரை வெட்டிப் பொருத்துகிற வேலைக்கு மஞ்சளை எடுக்கவே கூடாது.

மாடியில் புதிதாக ஜி.ஐ. போடுவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் மோட்டாரை ஒட்டிய முதல் ஒரு மீட்டர், முற்றத்தில் சைக்கிளும் கேஸ் சிலிண்டரும் இடிக்கிற உயரத்தில் உள்ள துண்டு, அடிபம்புப் பக்கம் ஆகிய இடங்களில் இருப்பதை எடுக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: துருப்பிடித்த பழைய லைனில் ஒரு எல்போவை மட்டும் மாற்றுகிறேன் என்று ரெஞ்ச் போட்டால், நாலு அடி தள்ளிச் சுவருக்குள் இருக்கும் அடுத்த மரை முறியும். மாற்றுவதாக இருந்தால் யூனியன் (பைப்பைத் திருப்பாமலே கழற்றி மாட்டும் ஜாயின்ட்) இருக்கும் இடம் வரை மொத்தமாக மாற்றுங்கள்.

யு.பி.வி.சி.: மலிவு, அதனால் வரும் வினை

கடையில் "பி.வி.சி. பைப்" என்று கேட்டால் மூன்று வேறு சாமான்கள் வரும். ஒன்று கழிவுநீருக்கானது, அதைத் தண்ணீர் லைனுக்கு நினைக்கவே வேண்டாம். இரண்டாவது ஐ.எஸ். 4985 முத்திரையுள்ள சாம்பல் பைப், 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்று வகுப்பு போட்டிருக்கும். வயலுக்கும் நிலத்தடி லைனுக்கும் ஏற்ற பைப் அது. மூன்றாவது ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று அச்சிட்ட, சுவர் தடித்த வெள்ளை பிளம்பிங் பைப்.

மாடியில் உடைகிற பைப் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஐ.எஸ். 4985 பைப் 45 டிகிரி வரையிலான தண்ணீருக்குத்தான். மேலே எழுதியிருக்கும் "6 கிலோ" என்பது 27 டிகிரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தாங்கும் அழுத்தம். சூடு ஏற ஏற இது சரியும். 43 டிகிரியில் பாதி. 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம். அப்போது 6 கிலோ பைப் தாங்குவது ஒன்றேகால் கிலோ. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டு உங்கள் மோட்டார் தகட்டில் உள்ள அதிகபட்ச ஹெட்டை, அதாவது அது தண்ணீர் ஏற்றும் உயரத்தை, பாருங்கள். 30 மீட்டர் என்று இருந்தால், மேலே வால்வ் மூடியிருக்கும்போது லைனில் விழுவது 3 கிலோ. மீதியைச் சொல்ல வேண்டாம். நல்லவேளையாக மோட்டார் ஓட ஆரம்பித்ததும் சம்ப்பின் குளிர்ந்த தண்ணீர் ஓடி பைப் ஆறிவிடும். ஆபத்து முதல் நிமிடத்திலும், மேலே மிதவை வால்வ் மூடிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலும்.

இன்னொரு தவறான பயம் பரவலாக உண்டு: வெயில் பட்டால் பி.வி.சி. இளகி வெடிக்கும் என்பது. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை மட்டும் கெடுக்கிறது. கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அழுத்தம் தாங்கும் வலு அதனால் பெரிதாகக் குறையாது. அடி தாங்கும் குணம்தான் போய்விடும். வடசென்னை மாடிகளில் இது லேசான விஷயம் இல்லை. துணி, வடாம், கருவாடு காய்கிற இடம், காத்தாடி விடும் பிள்ளைகள் பின்னாலேயே நடக்கிற இடம், புறாக்கூண்டு ஏணி சாய்க்கிற இடம் எல்லாம் அதுதான். நாலு வருஷம் வெயில் தின்ற பைப்பை ஒரு கால் இடறினால் கண்ணாடி மாதிரி சில்லு விடும்.

ஆகவே யு.பி.வி.சி. வேண்டாம் என்பதில்லை. நிழலான டக்ட், வடக்குச் சுவர், மாடிப்படிக்கு அடி இங்கெல்லாம் ஷெட்யூல் 80 வெள்ளை பைப் மோட்டார் லைனுக்குத் தாராளம். இருப்பவற்றில் விலையும் குறைவு. தெற்கு, மேற்கு பார்த்த சுவருக்கும் மாடித் தரைக்கும் வேண்டாம்.

சி.பி.வி.சி.: மாடிக்கு நம் தேர்வு

குளோரின் கூட்டிய பி.வி.சி.தான் இது. வெந்நீருக்கென்று வந்தது. நம் மாடியில் பச்சைத் தண்ணீரே வெந்நீராக இருப்பதால் இங்கேயும் அதே தகுதி வேண்டியிருக்கிறது. எஸ்.டி.ஆர். (எண் குறையக் குறையச் சுவர் தடிப்பு) 11 வகை 23 டிகிரியில் 28 கிலோ, 60 டிகிரியில் 14 கிலோ, 82 டிகிரியில் 7 கிலோ தாங்கும். இரண்டு மாடி வீட்டில் டேங்க்கிலிருந்து இறங்கும் லைனில் அழுத்தம் ஒரு கிலோவைத் தாண்டுவதே அரிது. சூட்டில் பைப் தோற்கும் பேச்சுக்கே இடமில்லை. எஸ்.டி.ஆர். 13.5 கொஞ்சம் மெல்லியது, சுவருக்குள் போடலாம். வெட்டவெளியில் கால் படும் இடத்துக்கு 11தான். பைப்பில் ஐ.எஸ். 15778 என்று இருக்க வேண்டும்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. அரை இஞ்ச் சி.பி.வி.சி.யின் வெளி விட்டம் 15.9 மி.மீ., உள் வழி 12 மி.மீ. சொச்சம்தான். பழைய அரை இஞ்ச் ஜி.ஐ.யை எடுத்துவிட்டு அதே "அரை இஞ்ச்" போட்டால் குழாயில் தண்ணீர் நூலாக வரும், பழி பிளம்பர் தலையில் விழும். டேங்க்கிலிருந்து இறங்கும் பிரதான லைனுக்கு ஒரு இஞ்ச், கிளைகளுக்கு முக்கால், கடைசிக் குழாய்க்கு மட்டும் அரை. வெளி விட்டம் வேறு என்பதால் இந்த அளவுகளில் யு.பி.வி.சி. ஃபிட்டிங் சி.பி.வி.சி.க்குச் சேராது. "கொஞ்சம் சொல்யூஷன் அதிகமாகப் போட்டால் பிடித்துக்கொள்ளும்" என்றால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள்.

சி.பி.வி.சி.க்கு ஒவ்வாத சில பொருட்கள் உண்டு. எண்ணெய் பெயின்ட், தின்னர், கரையான் மருந்து, சமையல் எண்ணெய், மென்மையான பி.வி.சி. ஒயர் உறை. இவை பட்ட இடத்தில் சில மாதம் கழித்து மயிரிழைக் கீறல்கள் வரும், பைப் நீளவாக்கில் பிளக்கும். கேபிள் டி.வி. ஒயரை பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டும் பழக்கத்தை இந்தக் காரணத்துக்காகவே நிறுத்த வேண்டும்.

பி.பி.ஆரும் காம்போசிட்டும்

பி.பி.ஆரின் பெருமை ஜாயின்ட். சுமார் 260 டிகிரி சூட்டில் பைப்பையும் ஃபிட்டிங்கையும் உருக்கி ஒட்டுவதால் இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். 25 மி.மீ. பைப்புக்கு 7 விநாடி சூடு, உடனே திருகாமல் நேராகச் செருகி, அசையாமல் ஆற விட வேண்டும். கூடுதலாக உருக்கினால் உள்ளே பிதுங்கி வழியை அடைக்கும். புது வீட்டில் சுவருக்குள் போட அருமையான பைப். மாடிக்கு வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம்: நீட்சி இரட்டிப்பு, மேலுறை இல்லாத சாதா வகைக்கு வெயில் ஆகாது, பழுது பார்க்க மெஷினும் கரன்ட்டும் சொட்டு ஈரமில்லாத பைப்பும் வேண்டும். மூடாத வால்விலிருந்து கசியும் தண்ணீர் போதும், வெல்டு கெட.

காம்போசிட் பைப் சுருளாக வரும், கையாலேயே வளைக்கலாம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்துகளில், எல்போவே இல்லாமல் ஒரே துண்டாக இழுத்துவிடலாம் என்பது இதன் பலம். பலவீனம் அதன் பித்தளை நட் ஃபிட்டிங். தினமும் சூடேறி ஆறுவதில் நட் தளரும். போட்ட முதல் கோடையில் ஒருமுறை எல்லா நட்டையும் கால் சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும், ஆகவே அந்த ஃபிட்டிங்குகள் கை எட்டும் இடத்தில்தான் இருக்கலாம். செம்பு பைப்பைப் பற்றிப் பேசவில்லை. வெட்டவெளியில் செம்பு போட்டால் அது சொந்தக்காரரிடம் எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு கவலை.

லைன் வாரியாக முடிவு

தெருவிலிருந்து சம்ப் வரை மண்ணுக்கடியில் எச்.டி.பி.இ. என்னும் பாலிஎதிலீன் பைப். மண் இறங்கினாலும் வளைந்து கொடுக்கும், துருவாது. இங்கே வெடிப்பை விடக் கீறல்தான் ஆபத்து. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) நின்ற நேரத்தில் லைன் வெறுமையாகும். அப்போது யாராவது தெரு லைனில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால், கீறல் வழியே சுற்றியுள்ள சாக்கடை உள்ளே வரும். அப்படி இழுப்பது அனுமதிக்கப்பட்டதும் இல்லை. மெயினிலிருந்து இணைப்பு எடுக்கிற வேலை வாரியத்தின் வழியாகவே நடக்க வேண்டும்.

சம்ப்பிலிருந்து டேங்க்குக்கு ஒரு இஞ்ச். நிழலென்றால் யு.பி.வி.சி. ஷெட்யூல் 80, வெயிலென்றால் சி.பி.வி.சி. எஸ்.டி.ஆர். 11. மோட்டாரின் அதிர்வு நேராக ஜாயின்ட்டுக்குப் போகாதபடி இடையில் 30 செ.மீ. நெகிழும் ஹோஸ், அதையடுத்து யூனியன், பிறகு நான்-ரிட்டர்ன் வால்வ். மேலே மிதவை வால்வ் வைப்பதா, தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரையே நிறுத்தும் சென்ஸார் வைப்பதா என்றால் தயங்காமல் சென்ஸார். அப்போது லைனின் மேல்முனை எப்போதும் டேங்க்குக்குள் திறந்தே இருக்கும், வெயிலில் பருக்கும் தண்ணீருக்கு வழி உண்டு, மூடிய வால்வை மோட்டார் முட்டுவதும் இல்லை. மிதவை வால்வ் ஏற்கெனவே இருந்தால், மதியத்துக்கு முன் அதைக் கொஞ்சம் அழுத்தி லைனை ஒருமுறை திறந்துவிடும் வேலையை யாராவது தினமும் செய்தாக வேண்டும். செய்ய மாட்டார்கள். ஆகவே சென்ஸார்.

மோட்டார் நிற்கும் நொடியில் "டக்" என்று சுவர் அதிர்ந்தால் அது தண்ணீர் அடி. ஓடும் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலிருந்து சட்டென நின்றால் ஜி.ஐ. லைனில் 13 கிலோ அளவுக்கு ஒரு குத்து விழும். பிளாஸ்டிக் சுவர் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் 5 கிலோ போல. சத்தம் வருகிற லைனில் ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டால் தண்ணீர் திரும்பி வேகம் எடுக்கும் முன்பே மூடிக்கொள்ளும், பாதிப் பிரச்சினை தீரும்.

டேங்க்கிலிருந்து குழாய்களுக்கு சி.பி.வி.சி. கேட் வால்வுக்கு அடுத்ததாக ஒரு டீ வைத்து, டேங்க்கின் உச்சியைவிட ஒரு அடி உயரமாக வாய் திறந்த பைப் ஒன்று நிறுத்துங்கள். காற்று அடைத்துக்கொண்டு மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வராத தொல்லை போகும். ஊருக்குப் போகும்போது வால்வை மூடிவிட்டுப் போனாலும் சூட்டுத் தண்ணீர் பருக்க வழி இருக்கும். ஒரு பைப் துண்டு, ஒரு டீ, அவ்வளவுதான் செலவு.

மூடுவதா, பெயின்ட் அடிப்பதா

பனி நாட்டுக் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் குழலை வாங்கி மாட்டுகிறார்கள். அந்த உறை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. தண்ணீர் நிற்கும் பைப் எட்டு மணி நேர வெயிலில் உறைக்குள்ளேயும் சுட்டுவிடும். வெயில் பட்ட ரப்பர் ஒன்றிரண்டு வருஷத்தில் பொடியும். சில ரப்பர்களிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை சி.பி.வி.சி.க்கு ஆகாது. உறை போட்டே தீருவேன் என்றால் பாலிஎதிலீன் நுரையில், மேலே அலுமினியத் தாள் ஒட்டியதாக வாங்குங்கள்.

இதைவிட மலிவானது, மேலானதும்கூட, தண்ணீரில் கலக்கும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட், இரண்டு கோட். வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டே போதும். புற ஊதாக் கதிரையும் தடுக்கும், வெயிலையும் திருப்பிவிடும். பைப்பைத் துணியால் துடைத்து, வழவழப்புப் போக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டும். இரண்டு மூன்று கோடைக்கு ஒருமுறை திரும்ப அடித்தால் சரி. எனாமல் கூடாது.

மாடி ஓட்டுத் தளத்துக்குள் புதைப்பது மூன்றாவது வழி. வெயிலும் காலும் படாது. ஆனால் கசிந்தால் கீழ்வீட்டுச் சீலிங் நனைந்த பிறகே தெரியும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலே, சுவரின் நிழல் அதிக நேரம் விழும் பக்கமாக ஓட்டுவது இந்த மூன்றையும்விட நல்ல யோசனை. ஒரு செங்கல் வரிசை மறைப்பு வைத்தால் கால் இடறாது.

பொருத்தும்போது கெடுகிற இடங்கள்

கிளாம்ப். சி.பி.வி.சி.க்கு மூன்று அடிக்கு ஒன்று. பைப் உள்ளே நழுவும்படி தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கிப் பிடிப்பது நடுவில் ஒன்று மட்டும். இரும்புக் கிளாம்ப்பின் விளிம்பு பைப்பை அறுக்கும், பிளாஸ்டிக் கிளாம்ப் போதும். எல்போவை ஒட்டிக் கிளாம்ப் அடிக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளியே.

வளைவு. 10 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு நடுவே நான்கு எல்போ வைத்து ஒரு "ப" வளைவு. முக்கால் இஞ்ச்சுக்கு இரண்டு கால்கள் 24 செ.மீ., குறுக்கு 12 செ.மீ. போட்டால் அந்த ஒரு இஞ்ச் நீட்சியை அது விழுங்கிவிடும். வளைவைத் தரைக்கு இணையாகப் படுக்க வையுங்கள், நிமிர்த்தினால் காற்று தங்கும். வளைவின் கால்களைக் கட்டவே கூடாது.

டேங்க் நிப்பிள். 1000 லிட்டர் டேங்க் நிரம்பும்போது அதன் வயிறு வெளியே உப்பும், காலியாகும்போது உள்ளே போகும். நிப்பிளை ஒட்டியே பைப்பைச் சுவரில் கட்டினால் தினம் இரண்டு முறை அதை முறித்துப் பார்க்கிற மாதிரி. முதல் கிளாம்ப் இரண்டு அடிக்கு அப்பால், நடுவில் ஒரு எல்போ திருப்பமும் யூனியனும்.

மரை. இரும்பு ஆண் மரையைப் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் முறுக்குவதுதான் மாடியில் நடக்கும் தவறுகளில் முதலிடம். கூர்ந்து போகும் மரை ஆப்பு மாதிரி வேலை செய்யும். அன்று ஒழுகாது, அடுத்த கோடையில் பிளக்கும். ஜி.ஐ.யோடு சேரும் எல்லா இடத்திலும் பித்தளை பதித்த அடாப்டர்தான். டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுகிய பின் ரெஞ்ச்சில் ஒன்று, ஒன்றரைச் சுற்று. சணலும் எண்ணெய்ப் பசையும் வேண்டாம்.

சொல்யூஷன். சி.பி.வி.சி.க்கு உரியதே வேண்டும், பி.வி.சி. டப்பாவில் மிச்சமிருப்பது ஆகாது. வெட்டிய முனையின் பிசிறை உள்ளும் புறமும் சீவி, துடைத்து, பைப்பில் தாராளமாகவும் ஃபிட்டிங்குக்குள் மெல்லியதாகவும் தடவி, கால் சுற்றுத் திருகிச் செருகி 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். ஃபிட்டிங்குக்குள் கொட்டினால் அடியில் குளமாகத் தேங்கி பைப்பின் சுவரையே மெலிய வைக்கும். அந்த இடம் ஆறு மாதம் கழித்து உடைந்தால் பைப்பின் தரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? டப்பாவில் கட்டியாகிப் போனதைத் தின்னர் ஊற்றி இளக்கிப் பயன்படுத்தவும் கூடாது.

24 மணி நேரம் விட்டுப் பிறகு தண்ணீர் நிரப்பி, காற்றை எல்லாக் குழாய் வழியாகவும் வெளியேற்றி, சோதனை பம்ப் வைத்து, லைனில் விழக்கூடிய அதிகபட்ச அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் காற்றை ஏற்றிச் சோதிக்கவே கூடாது. தண்ணீரில் பிளந்தால் நனையும், காற்றில் பிளந்தால் சில்லு பறக்கும்.

பழுது பார்க்கும்போது நேரமும் ஒரு பொருள். மதியம் பைப் நீண்டிருக்கும் நேரத்தில் அளந்து வெட்டி ஒட்டினால், ராத்திரி சுருங்கும்போது புது ஜாயின்ட்டை இழுக்கும். சூடான பைப்பில் தடவிய சொல்யூஷன் செருகும் முன்பே காய்ந்தும் போகும். விடிகாலையில் ஒட்டினால் பைப் குறுகிய நிலையில் இருக்கும், மதியம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கும். அதனால் மதியம் உடைந்தால் கேட் வால்வை மூடுங்கள், கீழ்க்குழாயைத் திறந்து லைனை வடியுங்கள், உடைந்த இடத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இரண்டு ஹோஸ் கிளாம்ப் போட்டு அன்றைய தேவையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க்கிலிருந்து இறங்கும் லைனுக்கு மட்டும் இது, மோட்டார் லைனுக்கு இல்லை. வெயில் தின்ற பழைய பைப்பை அழுத்தி வெட்டும் கட்டரால் வெட்டினால் கீறல் நீளமாக ஓடும். மெல்லிய பல் வைத்த ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்து, முனையில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, இருந்தால் இன்னும் இரண்டு இஞ்ச் வெட்டி, மறுநாள் காலை எட்டு மணிக்குள் யூனியன் வைத்துப் புதுத் துண்டைச் சேர்த்துவிடலாம்.